நாய்க்குச் சொறி: ஒட்டுவது எது, ஒட்டாதது எது?

வீட்டு நாய் நாலைந்து நாளாகக் காதையும் வயிற்றையும் விடாமல் சொறிகிறது. முழங்கை ஓரத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. அதே வாரத்தில் வீட்டில் ஒருவருக்கு முன்கையில் சின்னச் சின்னப் பருக்கள், ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் வீடு கலங்கிப் போகிறது. "பிள்ளைகளைக் கிட்ட விடாதே" என்பார் ஒருவர். "வேப்பெண்ணெய் தடவு, போய்விடும்" என்பார் இன்னொருவர். "எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்ற பேச்சும் சில வீடுகளில் எழும்.

இவற்றில் எது சரி, எது தப்பு என்பது ஒரே ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. அந்தத் தோலுக்குள் இருப்பது பூச்சியா, பூஞ்சையா, பாக்டீரியாவா, அல்லது எதுவுமே இல்லாத ஒவ்வாமையா? நாலுக்கும் மருந்து வேறு. ஒட்டும் தன்மையும் வேறு. இந்தக் கேள்விக்கு விடை தெரிவதற்கு முன் தடவுகிற எண்ணெயும் போடுகிற ஊசியும் பல நேரம் விடையையே மறைத்துவிடுகின்றன.

சொறி என்பது அறிகுறி மட்டுமே

மனிதருக்கு வரும் தோல் நோய்களுக்குத் தமிழில் சிரங்கு, படை, தேமல், படர்தாமரை என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. நாய் என்று வந்துவிட்டால் எல்லாவற்றையும் "சொறி" என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். அந்தச் சொல் வசையாகவும் ஆகிவிட்டது. முடி கொட்டிய நாயைக் கண்டாலே ஜனங்கள் ஒதுங்குவதற்கும் கல்லெடுப்பதற்கும் இந்த ஒற்றைப் பெயரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். உண்மையில் அப்படி ஒதுக்கப்படும் நாய்களில் பலவற்றின் நோய் யாருக்கும் ஒட்டாது.

ஒட்டும் தன்மையை வைத்து நாயின் தோல் நோய்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ஒட்டுவாரொட்டி: மற்ற நாய்க்கும் தாவும், மனிதருக்கும் தாவும். சார்கோப்டிஸ் என்ற பூச்சியால் வரும் சொறியும், பூஞ்சையால் வரும் படர்தாமரையும் இதில் முக்கியமானவை.

2. ஒட்டாதவை: டெமோடெக்ஸ் என்ற இன்னொரு பூச்சியால் வரும் சொறி, ஒவ்வாமை, ஈஸ்ட் (ஒரு வகை நுண்பூஞ்சை) பெருக்கம், பெரும்பாலான பாக்டீரியாப் புண்கள்.

3. பூச்சி தாவும், ஆனால் நோய் தாவாது: தெள்ளுப்பூச்சி, உண்ணி ஆகியவற்றால் வரும் அரிப்பு. பூச்சி அடுத்த நாய்க்குப் போகும். ஆனால் தெள்ளுக்கடியால் ஒரு நாய்க்கு வரும் ஒவ்வாமை அந்த நாயின் உடம்போடு நின்றுவிடும்.

சார்கோப்டிஸ்: தோலைக் குடைந்து வாழும் பூச்சி

சார்கோப்டிஸ் ஸ்கேபியை என்பது உண்ணியின் தூரத்து உறவான, எட்டுக்கால் கொண்ட மிகச் சிறிய பூச்சி. நீளம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 1687ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ஜியோவானி கோசிமோ பொனோமோவும் மருந்தாளர் தியாச்சிந்தோ செஸ்தோனியும் மனிதச் சிரங்கிலிருந்து எடுத்த இந்தப் பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து, அதுதான் அரிப்புக்குக் காரணம் என்று எழுதினார்கள். ஒரு மனித நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரைக் காரணமாகக் காட்டிய முதல் சான்றுகளில் அதுவும் ஒன்று. நாயில் வாழ்வது அதே இனத்தின் நாய்க்குரிய வகை. மனிதனில் வாழ்வது மனிதனுக்குரிய வகை. இந்த வேறுபாடு பின்னால் ரொம்ப முக்கியமாக வரும்.

பெண் பூச்சி மேல்தோலுக்குள் சுரங்கம் போல் குடைந்து, போகிற வழியெல்லாம் முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து, வளர்ந்து, அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராக ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். பூச்சி, அதன் எச்சம், அதன் முட்டை ஆகியவற்றுக்கு எதிராக நாயின் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அந்தக் கடும் அரிப்பு. அதனால்தான் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிகளே இருந்தாலும் நாய் தூங்க முடியாமல் தவிக்கிறது.

இந்தச் சொறி பெரும்பாலும் முடி குறைவான இடங்களில் தொடங்கும். காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் குதி மூட்டு, அடிவயிறு, மார்பு ஆகியவை அந்த இடங்கள். முதலில் சிவந்த சிறு பருக்கள், பிறகு மஞ்சள் நிறப் பொருக்கு, கடைசியில் யானைத்தோல் போலத் தடித்த சுருக்கம். சாதாரணமாக முதுகின் நடுப்பகுதி தப்பிவிடும். கவனிக்காமல் விட்டால் சொறிந்த இடத்தில் பாக்டீரியா சேர்ந்து சீழ் வைக்கும். நாய் மெலியும்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். காது மடலின் நுனியை மடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துச் சில விநாடி தேய்த்தால், நாய் அந்தப் பக்கத்துப் பின்னங்காலைத் தூக்கிச் சொறிவது போல் ஆட்டும். சார்கோப்டிஸ் உள்ள நாய்களில் பெரும்பாலானவை இப்படிச் செய்யும். வேறு காரணத்தால் காது அரிக்கிற நாயும் செய்யலாம் என்பதால் இதை வைத்து முடிவுகட்ட முடியாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒரு தகவல், அவ்வளவுதான்.

பரவல் பெரும்பாலும் நேரடித் தொடுகையால் நடக்கிறது. ஒரே படுக்கை, ஒரே சீப்பு வழியாகவும் போகலாம். ஒட்டிய நாளிலிருந்து அரிப்பு தெரிய சில வாரம் ஆகலாம். இதற்குள் அந்த நாய் மற்ற நாய்களுக்குக் கொடுத்திருக்கும். அறிகுறியே காட்டாமல் பூச்சியைச் சுமக்கும் நாயும் உண்டு. ஒரு வீட்டில் மூன்று நாய் இருந்து ஒன்று மட்டும் சொறிந்தாலும் மூன்றுக்கும் மருத்துவம் செய்யச் சொல்வது இதனால்தான்.

படர்தாமரை: வட்டத்தை நம்ப வேண்டாம்

ஆங்கிலத்தில் "ரிங்வோர்ம்" (வளையப்புழு) என்று சொன்னாலும், படர்தாமரையில் புழு எதுவும் இல்லை. அது முடியையும் மேல்தோலையும் தின்று வாழும் பூஞ்சை. நாயில் பெரும்பாலும் காணப்படுபவை மூன்று. மைக்ரோஸ்போரம் கேனிஸ் முக்கியமாகப் பூனை வழியாக வருவது. பெர்சியன் பூனை போன்ற நீண்ட முடிப் பூனைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இதைச் சுமக்கலாம். மைக்ரோஸ்போரம் ஜிப்சியம் மண்ணில் வாழ்வது. சதா குழி தோண்டும் நாய்க்கு மூக்கிலும் முன்காலிலும் வரும். மூன்றாவதான டிரைகோஃபைட்டன் மென்டாகிரோஃபைட்டிஸ் எலி போன்ற கொறிக்கும் பிராணிகளோடு தொடர்புடையது.

பாடப்புத்தகத்துப் படத்தில் படர்தாமரை என்றால் வட்டமான வழுக்கை, ஓரத்தில் செதில், நடுவில் ஆறிய தோல். நாயில் அப்படியும் வரும், அப்படி இல்லாமலும் வரும். அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. நாயின் வயிற்றில் வட்ட வட்டமாக, ஓரம் உரிந்து, நடுவில் கறுத்துத் தெரிகிற தழும்புகள் பல நேரம் பூஞ்சையே இல்லை. அது பாக்டீரியாவால் வந்த சீழ்க்கொப்புளம் உடைந்து, ஓரத்தோல் வளையமாக உரிந்த அடையாளம். வட்டத்தைப் பார்த்ததும் மருந்துக் கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்கித் தடவுவார்கள். வாரக்கணக்கில் பலன் இருக்காது. அப்புறம் "இந்தப் படர்தாமரை போகவே மாட்டேன் என்கிறது" என்று வருத்தப்படுவார்கள். போகாததற்குக் காரணம், அங்கே படர்தாமரை இல்லாததுதான்.

உண்மையான படர்தாமரையில் அரிப்பு பெரும்பாலும் குறைவு. சார்கோப்டிஸில் அரிப்பு உச்சம். நோய் எது என்று ஊகிக்க இந்த ஒரு வேறுபாடு மிகவும் உதவும். படர்தாமரையில் முடி வேரோடு விழாமல் நடுவில் முறியும். முகம், காது, முன்கால் ஆகியவை அது விரும்பும் இடங்கள். குட்டி நாய்க்கும் உடம்பு பலவீனமான நாய்க்கும் எளிதில் வரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை முடி நாய்களில் தொடக்கத்திலேயே கண்ணில் படும். ஷீ ட்சு, கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றில் முடியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பூஞ்சையின் பலம் அதன் வித்துகளில் இருக்கிறது. முறிந்த ஒவ்வொரு முடியிலும் வித்துகள் ஒட்டியிருக்கும். தரையிலும் சோபாவிலும் காரின் இருக்கையிலும் உதிர்ந்த முடியில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் வித்துகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடும். சார்கோப்டிஸ் பூச்சி அப்படி இல்லை. நாயின் உடம்பை விட்டு விழுந்தால் நம் ஊர் வெயிலிலும் காற்றிலும் சில நாளில் செத்துவிடும். குளிர்ச்சியான ஈரமான இடத்தில் மட்டும் கூடுதல் நாள் தாங்கும். வீட்டைச் சுத்தம் செய்வதில் இரண்டுக்கும் ஏன் வேறு வேறு உழைப்பு தேவைப்படுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

ஒட்டாத நோய்கள், வீணாகத் தண்டனை பெறும் நாய்கள்

டெமோடெக்ஸ் முதலில். இதுவும் பூச்சிதான், ஆனால் சார்கோப்டிஸ் போலத் தோலைக் குடையாது. சுருட்டு வடிவில், முடி வேர்க்குழிக்குள் வாழும். குட்டி பிறந்த முதல் சில நாளில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருகிறது. ஏறக்குறைய எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் இருக்கும், தொல்லை தராது. நோயெதிர்ப்பு சக்தி குறையும்போதுதான் பெருகுகிறது. மூன்று மாதம் முதல் ஒரு வயது வரை உள்ள குட்டியின் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி கொட்டினால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். ஓரிரு இடத்தில் மட்டும் வந்தால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். உடம்பெங்கும் பரவினால் பல மாத வைத்தியம் வேண்டும்.

வயதான நாய்க்குத் திடீரென்று டெமோடெக்ஸ் வந்தால் உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். அட்ரினல் சுரப்பியின் கோளாறு, தைராய்டு குறைவு, நீண்ட நாள் ஸ்டீராய்டு ஆகியவை வழக்கமான காரணங்கள். மனிதருக்கோ பக்கத்து நாய்க்கோ இது ஒட்டாது. தெருவில் முடியெல்லாம் உதிர்ந்து, பார்க்கவே கொடூரமாகத் தெரியும் குட்டி டெமோடெக்ஸ் குட்டியாகவே இருக்கலாம். அப்படி இருந்தால், அதைத் தொட்டாலும் அந்த நோய் நமக்கு வராது.

ஈஸ்ட் பெருக்கம் என்பது எண்ணெய்ப் பிசுக்கும் புளித்த வாடையும் கறுத்துத் தடித்த தோலுமாக வரும். கால்விரல் இடுக்கு, காது, கழுத்து மடிப்பு ஆகிய இடங்களில், மழைக்கால ஈரத்தில் அதிகம். பாக்டீரியாப் புண்ணுக்கு வழக்கமான காரணி ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ். இது நாயின் தோலில் எப்போதும் இருப்பது. ஒவ்வாமையோ பூச்சியோ தோலைப் புண்ணாக்கிய பிறகு பெருகுவது. ஆகவே பாக்டீரியாப் புண் ஆறியும் திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு அடியில் வேறொரு காரணம் ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். தெள்ளு ஒவ்வாமைக்கு இடமே அடையாளம்: வாலடியும் இடுப்பின் மேற்புறமும்.

மருத்துவர் என்ன செய்து கண்டுபிடிப்பார்?

பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாத நோய்கள் இவை. அனுபவசாலியான மருத்துவருக்கும் பரிசோதனை வேண்டும். நல்லவேளையாக, இவற்றில் பல அங்கேயே, சில நிமிடத்தில் முடிபவை.

1. தோல் சுரண்டல்: மழுங்கிய கத்தி முனையால் தோலைச் சுரண்டி எண்ணெய்த் துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. சார்கோப்டிஸுக்கு மேலோட்டமாக, பல இடங்களில், பெரிய பரப்பில் சுரண்ட வேண்டும். டெமோடெக்ஸுக்குத் தோலை அமுக்கிப் பிதுக்கி, லேசாக ரத்தம் கசியும் வரை ஆழமாகச் சுரண்ட வேண்டும்.

2. ஒட்டும் டேப்பை அல்லது கண்ணாடித் தகட்டைத் தோலில் ஒற்றிச் சாயமேற்றிப் பார்ப்பது: ஈஸ்டும் பாக்டீரியாவும் இதில் தெரியும்.

3. வுட்ஸ் விளக்கு: இருட்டறையில் புற ஊதா ஒளியை அடித்துப் பார்ப்பது. மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடி பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னும். மற்ற இரண்டு பூஞ்சையும் மின்னாது. ஆகவே மின்னவில்லை என்றால் பூஞ்சை இல்லை என்று பொருளில்லை. களிம்பும் தூசும்கூட மின்னி ஏமாற்றும்.

4. பூஞ்சை வளர்ப்பு: முடியையும் செதிலையும் எடுத்து ஊடகத்தில் வளர்ப்பது. முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

இதில் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. டெமோடெக்ஸைச் சுரண்டலில் கண்டுபிடிப்பது சுலபம். சார்கோப்டிஸைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பூச்சி குறைவாக இருப்பதால், நோய் இருந்தும் பாதிக்கு மேற்பட்ட நேரம் சுரண்டலில் அகப்படாமல் போகலாம். எனவே "ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் இல்லை. அரிப்பு, இடம், வீட்டு மனிதருக்கும் வந்த பருக்கள் ஆகிய மூன்றும் பொருந்தினால் மருந்து கொடுத்து மூன்று நாலு வாரம் பார்ப்பது ஏற்கப்பட்ட முறை.

பரிசோதனைக்குப் போகும் முன்பு நாயைக் குளிப்பாட்டாதீர்கள், எதையும் தடவாதீர்கள். பார்க்க வேண்டிய செதிலும் பொருக்கும் கழுவிப் போய்விடும். தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருத்துவமனைகளுக்குப் போகலாம். கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளும் உண்டு. 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி அவற்றில் மூத்தது.

நோய் எது என்று தெரியும் வரை வீட்டில்

ஒட்டுவாரொட்டியாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. அதற்காக நாயைத் தெருவில் விட வேண்டியதில்லை. கழுவ எளிதான ஒரு அறை அல்லது பால்கனி போதும்.

1. நாய்க்குத் தனி இடம், தனித் தட்டு, தனிப் பாய். பாய்க்குப் பதில் தினமும் மாற்றக்கூடிய பழைய துணி இன்னும் நல்லது.

2. நாயைப் பார்த்துக்கொள்வது ஒரே ஆளாக இருக்கட்டும். அவருக்கு நோயெதிர்ப்பு குறைவான உடல்நிலை இருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், கீமோதெரபி எடுப்பவர்கள், மிக வயதானவர்கள் தள்ளி இருக்கட்டும்.

3. மருந்து போடும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும். முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்ற வேண்டும்.

4. மற்ற நாய்கள், பூனைகளோடு விளையாட விடாதீர்கள். பூங்கா, நாய் விடுதி, முடி வெட்டும் கடை மூன்றும் வேண்டாம்.

5. நாய் சொறிந்து புண்ணாக்கினால் கழுத்துக் கூம்பு கட்டுங்கள்.

ஒரு வார்த்தை. தனியே வைக்கப்பட்ட நாய் தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் கதவைச் சுரண்டும். அறை வாசலில் உட்கார்ந்து பேசுவது, குரல் கொடுப்பது, கையுறை போட்டுக்கொண்டு தடவிக் கொடுப்பது ஆகியவற்றால் எதுவும் ஒட்டாது. அதைச் செய்யத் தவற வேண்டாம்.

மருந்துகள்: எது எப்படி வேலை செய்கிறது, எங்கே ஆபத்து

பூச்சிச் சொறிக்கு இன்று முதலிடம் ஐசாக்சோலின் வகை மாத்திரைகளுக்கு. ஃப்ளூரலானர், அஃபாக்ஸோலானர், சரோலானர் ஆகியவை இந்த வகை. உண்ணி, தெள்ளு, சார்கோப்டிஸ், டெமோடெக்ஸ் எல்லாவற்றின் நரம்பையும் தாக்கிக் கொல்கின்றன. நாயின் எடையை வைத்தே அளவு. சில நாய்களுக்கு வலிப்பு, தள்ளாட்டம் வரலாம் என்று 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஏற்கனவே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கழுத்தின் பின்புறம் ஊற்றும் சொட்டு மருந்துகளில் செலாமெக்டின், மாக்சிடெக்டின் ஆகியவை சார்கோப்டிஸுக்கு உண்டு.

பூச்சியைக் கொல்லும் இன்னொரு மருந்தான ஐவர்மெக்டின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சத்தோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்த பெரிய மருந்து இது. மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தாக எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு. எனவே மருத்துவர் இல்லாமலே நாய்க்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோலி (Collie), ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற மேய்ப்பு நாய் வம்சங்களில் பலவற்றுக்கு எம்.டி.ஆர்.1 என்ற மரபணு பழுதாகியிருக்கும். மூளைக்குள் மருந்து போகாமல் தடுக்கும் காவல் அவற்றுக்கு இல்லை. மற்ற நாய் தாங்கும் அளவிலேயே இவை தள்ளாடி, எச்சில் ஒழுக்கி, பார்வை மங்கி, மயக்கத்தில் விழுந்து இறக்கலாம். கலப்பின நாயிலும் அந்த மரபணு இருக்க வாய்ப்புண்டு. அளவு தவறினால் எந்த நாய்க்கும் ஆபத்துதான். மாட்டு மருந்து மிகச் செறிவானது, சொட்டுக் கணக்கில் தப்பு நடக்கும்.

படர்தாமரைக்கு இரண்டு முனை வைத்தியம். உள்ளுக்கு இட்ராகோனசோல் அல்லது டெர்பினஃபின். மேலுக்கு வாரம் இருமுறை மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் சேர்ந்த ஷாம்பூ அல்லது சுண்ணாம்புக் கந்தகக் கரைசல். ஷாம்பூவைத் தடவியதும் கழுவினால் பலனில்லை, பத்து நிமிடமாவது ஊற வேண்டும். கந்தகக் கரைசல் அழுகிய முட்டை வாடை அடிக்கும், வெள்ளி நகையைக் கறுக்கச் செய்யும். ஆனாலும் நன்றாக வேலை செய்யும். மேல்பூச்சு நாயைக் குணமாக்குவதோடு வித்துகள் வீட்டில் உதிர்வதையும் குறைக்கிறது. ஆரோக்கியமான நாய்க்குப் படர்தாமரை சில மாதத்தில் தானே ஆறும் என்பது உண்மைதான். அதுவரை வீடு முழுக்க வித்து விதைக்கும் என்பதும் உண்மை.

இனி, தவிர்க்க வேண்டியவை.

* மண்ணெண்ணெய், வண்டியின் பழைய ஆயில்: தோலைச் சுட்டுப் பொசுக்கும். நாய் நக்கினால் நுரையீரலும் ஈரலும் கெடும்.
* அரிப்பை நிறுத்த மட்டும் போடும் ஸ்டீராய்டு ஊசி: நாலு நாள் நிம்மதி தரும். பூச்சியோ பூஞ்சையோ உள்ளே இருந்தால் அதற்குப் பின் முன்னிலும் வேகமாகப் பெருகும். டெமோடெக்ஸில் இது மிக மோசம். காரணம் தெரிந்த பிறகு மருத்துவர் அளந்து கொடுப்பது வேறு.
* ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த மனிதக் களிம்பு: மேலே சொன்ன ஆபத்தோடு, நாய் நக்கி விழுங்கும் சிக்கலும் சேரும்.
* டீ ட்ரீ எண்ணெய்: நாய்க்கு நஞ்சு.
* நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனை உள்ள வீட்டில்: பூனையைக் கொன்றுவிடும்.

வேப்பெண்ணெய், மஞ்சள் பற்றிக் கேட்பார்கள். லேசாகத் தடவுவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் குடைந்து போன பூச்சியை அவை தீர்க்கும் என்று நம்பி மூன்று வாரம் காத்திருந்தால், அந்த மூன்று வாரத்தில் ஒரு தலைமுறைப் பூச்சி கூடுதலாகப் பிறந்திருக்கும்.

வீட்டு மனிதருக்கு வந்தால்

நாயின் சார்கோப்டிஸ் நம் தோலில் ஏறினால் கடிக்கும், அரிக்க வைக்கும். ஆனால் நம் தோலில் தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியாது. நாயைத் தூக்கிய முன்கை, நாய் படுத்த வயிறு, தொடை ஆகிய இடங்களில் சீக்கிரமே பருக்கள் வரும். நாய்க்கு வைத்தியம் நடந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கிவிடும். மனிதச் சிரங்கு வேறு. அது விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில் வரும். முதல்முறை என்றால் ஒட்டிச் சில வாரம் கழித்தே அரிக்கும். வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். நாய் குணமான பின்னும் உங்கள் அரிப்பு நிற்கவில்லை என்றால் நாயின் மேல் பழி போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

படர்தாமரையில் இன்னொரு குழப்பம். நாயிடமிருந்து மனிதருக்கு வருவது உண்மை, குழந்தைகளுக்குத் தலையிலும் வரும். ஆனால் இந்தியாவில் சமீப ஆண்டுகளில் இடுப்பிலும் தொடையிலும் தீராமல் படரும் படர்தாமரைக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் டிரைகோஃபைட்டன் இண்டோடினியே, 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட பூஞ்சை. அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. டெர்பினஃபினுக்கு அடங்காத வகைகளும் அதில் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் படர்தாமரை வந்து, நாய்க்கு ஒன்றுமே இல்லை என்றால், நாயை விரட்டுவதால் எதுவும் தீராது. துண்டையும் துணியையும் பகிர்வதை நிறுத்தி, மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டைச் சுத்தம் செய்வது

சார்கோப்டிஸுக்கு: படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவைப்பது, தரையைப் பெருக்கித் துடைப்பது, சீப்பையும் கழுத்துப் பட்டையையும் கழுவுவது. துவைக்க முடியாத பொருளை மூடிய பையில் கட்டி மூன்று வாரம் தள்ளி வைக்கலாம்.

படர்தாமரைக்கு வேலை அதிகம். முதலில் முடியை எடுக்க வேண்டும். வாக்குவம் அல்லது ஈரத்துணி போதும், உலர்ந்த துடைப்பம் வித்தைப் பறக்க விடும். அடுத்து சோப்புத் தண்ணீரால் அழுக்குப் போகக் கழுவ வேண்டும். அதன் பிறகே கிருமிநாசினி. வீட்டு பிளீச் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்று கலந்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடைத்தால் வித்துகள் சாகும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வீணாகும். கழிவறை ஆசிட்டோடு அதைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். பினாயில் போட்ட தரையில் நாயும் பூனையும் நடந்து காலை நக்குவது நல்லதில்லை. பூனைக்கு அது ரொம்பவே கெடுதல்.

எப்போது தனிமையை முடிக்கலாம்?

முடி முளைத்துவிட்டது என்பது போதாது. சார்கோப்டிஸில் மருந்து தொடங்கிய முதல் சில நாள் அரிப்பு கூடவே செய்யலாம். சாகும் பூச்சிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. பிறகு வாரம் போகப் போகக் குறையும். மருத்துவர் சொன்ன முழுக் காலமும், பொதுவாகக் குறைந்தது நாலு வாரமாவது, எல்லா நாய்க்கும் மருந்து போக வேண்டும். படர்தாமரையில் பூஞ்சை வளர்ப்புச் சோதனையில் பூஞ்சை இல்லை என்று வரும் வரை. டெமோடெக்ஸில் மாதம் ஒரு முறை சுரண்டி, தொடர்ந்து இரண்டு முறை பூச்சி இல்லை என்றால்தான் நிறுத்தலாம். பரவலான டெமோடெக்ஸ் வந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, அந்தப் பலவீனம் குட்டிக்கும் போகும்.

குணமாகி மறுபடி வந்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: மருந்து கொடுக்காத இன்னொரு நாய், தினமும் கேட் வழியாக மூக்கை உரசிக்கொள்ளும் தெரு நாய், வித்து தங்கிய சோபா, பாதியில் நிறுத்திய மாத்திரை, அல்லது முதலிலேயே தவறாக வைத்த நோயின் பெயர். கேட் பக்கத்து நாய்க்கும் மாத்திரை கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். மாத்திரையை உணவில் வைத்துக் கொடுப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. போன முறை எழுதிய மருந்துச் சீட்டையும், சொறி தொடங்கிய நாளில் எடுத்த போட்டோவையும் கையோடு கொண்டுபோங்கள். முன்பு சுரண்டிப் பார்க்கவில்லை என்றால் இந்த முறை சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.